அத்தைக்குப் புற்றுநோய் என்றால் யார் முதலில் டெஸ்ட் எடுப்பது?

கேள்வி: எனக்கு 34 வயது. அப்பாவின் தங்கைக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது, இப்போது நலமாக இருக்கிறார். அப்பாவைப் பெற்ற பாட்டி 'வயிற்றுக் கட்டி'யால் இறந்தார். அம்மா பக்கம் யாருக்கும் இல்லை. நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் உங்களிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் அத்தையின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். அவருக்கு எந்த மரபணுவில் கோளாறு என்று தெரியாமல் நீங்கள் டெஸ்ட் எடுத்து, ஒன்றுமில்லை என்று வந்தால், அது உங்களுக்கு வராமல் போன கோளாறா, இல்லை அந்த டெஸ்டுக்கே அகப்படாத கோளாறா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்பா பக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் கோளாறு இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். அந்தக் கோளாறு ஆண்கள் வழியாகவும் அப்படியே இறங்கும், அப்பா ஆரோக்கியமாக இருந்தாலும்கூட. அத்தைக்கு இருந்தால் அப்பாவுக்கு இருக்கப் பாதி வாய்ப்பு, அப்பாவுக்கு இருந்தால் உங்களுக்கு மறுபடியும் பாதி. அதனால் அத்தைக்கு அடுத்து அப்பா. அத்தையிடம் கண்ட அதே கோளாறு அவரிடம் இல்லையென்றால் அவர் வழியாக அது உங்களுக்கு வந்திருக்க வழியே இல்லை.

பாட்டியின் கதையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். அந்தக் காலத்தில் சினைப்பைப் புற்றுநோயையும் வயிற்றுக் கட்டி என்றே சொல்லிவிடுவார்கள். அது சினைப்பை என்றால் பிஆர்சிஏ மீது சந்தேகம் நன்றாகவே வலுக்கும். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, எந்த வயதில் இறந்தார், எல்லாமே உதவும். மரபணு ஆலோசகர் மூன்று தலைமுறை வரைபடம் போடுவார், யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில் என்று. நோய் வராதவர்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருபவை. அத்தையின் ரிப்போர்ட்டில் எதுவும் இல்லாமலும் போகலாம். அப்போதும் குடும்ப வரலாறு அழிந்துவிடாது, உங்களுக்கு ஸ்கிரீனிங் (அறிகுறி வரும் முன்பே செய்யும் பரிசோதனை) எந்த வயதில் தொடங்குவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். சில நேரம் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று ரிப்போர்ட் வரும், அதாவது மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது நோயைத் தருமா என்று இன்னும் தெரியாது. அதை வைத்து யாரும் அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது, இவற்றில் பெரும்பாலானவை பின்னால் தீங்கற்றவை என்றே தெரியவருகின்றன.

சரி, அத்தையிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தயங்குவீர்கள். உங்களுக்காக என்று மட்டும் கேட்காதீர்கள், இதில் அவருக்கும் காரியம் இருக்கிறது. கோளாறு இருந்தால் இன்னொரு மார்பகத்தையும் சினைப்பையையும் அவர் உடனே கவனிக்க வேண்டியிருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.