சிக்னலில் நின்றால் ஏசி சுடுகிறது: கம்ப்ரசரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. பைபாஸில் ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது. ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றால் இரண்டே நிமிடத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. காலையில் பிரச்சினை தெரிவதில்லை, மதியம்தான். மார்ச்சில் கேஸ் போட்டோம், கொஞ்சம் பரவாயில்லை. மே மாதம் மறுபடி போட்டோம். அதற்கப்புறம் முன்பைவிட மோசம். நிற்கும்போது கம்ப்ரசர் ‘டக்’ என்று நிற்பதும் ஓடுவதுமாக இருக்கிறது. இப்போது கம்ப்ரசர் வீக், மாற்ற இருபத்தைந்தாயிரம் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? (வேலூர் வாசகர் ஒருவர்)

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஓடும்போது குளிர்கிறது, வெயில் ஏறினால்தான் கெடுகிறது, இரண்டாவது முறை கேஸ் போட்டதும் நிலைமை மோசமாகியிருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், சந்தேகம் முதலில் போகவேண்டியது கண்டென்சர் பக்கம். கம்ப்ரசரை அப்புறம் பார்க்கலாம்.

காருக்குள் இருக்கும் சூட்டை கேஸ் வாங்கிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. வாங்குகிற இடம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். கொட்டுகிற இடம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர். கேஸை அழுத்தி இந்த இரண்டுக்கும் நடுவே சுற்றவைப்பது கம்ப்ரசர். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே கண்டென்சரை ஆற்றிவிடும். நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. அந்த ஃபேன் சரியாக இழுக்கவில்லை என்றால் கேஸ் சூட்டைக் கொட்ட முடியாமல் அப்படியே சுமந்துகொண்டு திரும்புகிறது.

உங்கள் காரில் இருப்பது பெரும்பாலும் ஆர்-134ஏ கேஸ்தான். அது 60 டிகிரியில் திரவமாக மாற சுமார் 230 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்று அளக்கும் அதே அலகு) அழுத்தம் போதும். காற்றோட்டம் இல்லாமல் கண்டென்சர் 80 டிகிரிக்குப் போனால் அதே வேலைக்கு 365 பிஎஸ்ஐ வேண்டும். இன்னும் ஏறி 400-ஐ ஒட்டிப் போகும்போது, குழாய் வெடித்துவிடக்கூடாது என்பதற்காக பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். நீங்கள் கேட்கும் ‘டக்’ சத்தம் அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்த நிலையில் கூடுதலாக கேஸ் போட்டால் அழுத்தம் இன்னும் ஏறும். மே மாதத்துக்குப் பிறகு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, வீட்டிலேயே என்ன பார்க்கலாம்? காரை நிறுத்திய நிலையில், மதிய வெயிலில், ஏசியைப் போட்டு ப்ளோயரை முழுதாக வையுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒரு செய்தித்தாள் பக்கத்தை மடிக்காமல் முன்பக்க கிரில் மேல் வைத்துப் பாருங்கள். ஃபேன் பின்னாலிருந்து காற்றை இழுக்கும் அமைப்புதான் சிறிய கார்களில் வழக்கம், ஆகவே தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். நழுவி விழுந்தால் ஃபேன் ஓடவில்லை, அல்லது சோம்பலாக ஓடுகிறது. தாள் வெளியே தள்ளப்பட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது என்று பொருள். சிரிக்காதீர்கள், முன்பக்கம் இடித்துச் சரிசெய்த கார்களில் வயரை மாற்றிச் செருகிவிட்டதால் இப்படி ஆனதை நானே பார்த்திருக்கிறேன். சில கார்களில் அழுத்தம் ஏறிய பிறகுதான் ஃபேன் ஓடத் தொடங்கும் என்பதால் மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஃபேன் ஓடுகிறது என்பதற்காக விட்டுவிடவும் கூடாது. பல கார்களில் அதற்கு இரண்டு வேகம் உண்டு. மெதுவான வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால் என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு திடீரென்று முழு வேகத்தில் மட்டும் சுற்றும். ரிலே போனாலோ வேறு மாதிரி ஆகும், மெதுவாக மட்டுமே சுற்றும். மோட்டார் பழசாகிவிட்டால் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது.

மூன்று வருடத்துக்கு முன் என் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. வேறு ஓர் இடத்தில் கம்ப்ரசரும், கேஸிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிதாக மாற்றியிருந்தார்கள், புகார் மட்டும் பழையபடியே. பானட்டைத் திறந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, ஃபேன் அசையவில்லை. கனெக்டரில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மோட்டாரின் பின்பக்கம் லேசாக ஒரு தட்டு தட்டினேன். ஃபேன் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது, ஐந்து நிமிடத்தில் வென்ட்டில் ஜில்லென்று காற்று. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து ஸ்பிரிங்கே தெரிந்தது. அந்தக் குடும்பம் ஒரு மாதச் சம்பளத்தைக் கம்ப்ரசருக்குக் கொடுத்திருந்தது. அதிலிருந்து ‘கம்ப்ரசர் வீக்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே நான் முதலில் ஃபேனைத்தான் பார்க்கிறேன். நீங்கள் பார்க்கும்போது கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும்.

அடுத்தது அழுக்கு. முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகவே தெரியும். அழுக்கு சேர்வது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் விரல் அகல இடைவெளியில். பூச்சி, பஞ்சு, செம்மண் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். என்ஜின் ஆறிய பிறகு, பின்னாலிருந்து முன்னோக்கித் தண்ணீர் விட்டுத்தான் அது வெளியே வரும். கார் வாஷில் இருக்கும் ஹை பிரஷர் கன் வேண்டாம், அலுமினியத் தகடுகள் படுத்துவிடும். கிரில்லுக்கு முன் வலை, அலங்கார பிளேட் ஏதாவது மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது ஒரு நியாயம் பேசவேண்டும். உண்மையிலேயே தேய்ந்துபோன கம்ப்ரசரும் நிற்கும்போது குளிர்ச்சியைக் குறைத்து, ஓடும்போது சமாளிக்கும். மெக்கானிக் சொல்வதில் அந்த அளவுக்கு அர்த்தம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது சுலபம். நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்து 2000 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் வையுங்கள். குளிர்ச்சி கூடினால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம், அல்லது கேஸ் குறைவாக இருக்கலாம். கூடவில்லை, அல்லது இன்னும் சுடுகிறது என்றால் கண்டென்சர்தான். அப்புறம் ஐடிலுக்கு வந்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸைக் கொண்டு கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மட்டும் மெதுவாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். வென்ட்டில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரைச் செருகி வைத்திருங்கள். தண்ணீர் பட்ட இரண்டு மூன்று நிமிடத்தில் இருபது டிகிரியிலிருந்து பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கினால், கம்ப்ரசர் தன் வேலையைச் செய்கிறது.

இதற்கு மேல் கேஜ் வேண்டும், மெக்கானிக்கிடம்தான் போகவேண்டும். போனால் ‘நீல கேஜில் எவ்வளவு, சிவப்பு கேஜில் எவ்வளவு’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீலம் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு அதிக அழுத்தப் பக்கம். வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில், 1500 ஆர்பிஎம்மில், நீலம் 30 முதல் 45, சிவப்பு 200 முதல் 250 பிஎஸ்ஐ இருந்தால் ஆரோக்கியம். இரண்டும் குறைவென்றால் கேஸ் போதவில்லை. இரண்டும் அதிகமென்றால் ஃபேன் கோளாறு, அழுக்கு, கேஸ் அதிகம், அல்லது குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் நெருங்கி வந்தால்தான் கம்ப்ரசர் வீக். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு கேஸைத் தள்ளும் பழைய வகைக் கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். இன்னொன்று, என்ஜின் நின்றிருக்கும்போது கேஜைப் பார்த்து ‘கேஸ் இருக்கிறது’ என்று சொன்னால் நம்பவேண்டாம். 30 டிகிரி வெயிலில் உள்ளே 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் கேஜ் 100 பிஎஸ்ஐ பக்கம்தான் காட்டும்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. ரப்பர் ஹோஸ் வழியாக வருடத்துக்குக் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். மார்ச்சில் போட்டதை மே மாதத்தில் மறுபடி போடவேண்டி வந்தால் லீக் இருக்கவேண்டும், இல்லையென்றால் முதலிலேயே தேவையில்லாமல் போட்டிருக்கவேண்டும். எது என்று தெரிந்துகொள்ள, இருக்கும் கேஸை மெஷினில் திரும்ப எடுத்து எடை போடச் சொல்லுங்கள். பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான அளவு கிராமில் இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராமுக்குள். எடுத்த எடை அதைவிட அதிகம் என்றால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே தீர்ந்தது. குறைவு என்றால் லீக்கைத் தேடவேண்டும். ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பசையோடு தூசி ஒட்டியிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை. வெளியே எங்கும் தெரியவில்லை என்றால் கூலிங் காயில். அதற்கு டேஷ்போர்டைக் கழற்றவேண்டியிருக்கும் என்பதால், தண்ணீர் வடியும் குழாயில் லீக் டிடெக்டர் வைத்து உறுதி செய்துகொண்ட பிறகே சம்மதியுங்கள். மெஷின் இல்லை, காற்றில் திறந்துவிடலாம் என்றால் வேறு இடம் பாருங்கள். கார்பன் டையாக்சைடைவிட ஆயிரத்து நானூறு மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்றும் கேஸ் அது. தோலில் திரவமாகப் பட்டால் மைனஸ் 26 டிகிரியில் கொதித்து, சதையை உறையவைத்துவிடும்.

திரும்ப கேஸ் போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் அரை மணி முதல் முக்கால் மணி வேக்கம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் பம்ப், ஓடவேண்டும். பம்பை நிறுத்தி இருபது நிமிடம் கேஜ் முள் நகராமல் இருக்கவேண்டும். இதைச் செய்யாமல் நேராக ஹோஸை மாட்டி கேஸ் ஏற்றினால் காற்றும் ஈரமும் உள்ளே போய்விடும். காற்று கண்டென்சரில் திரவமாகாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும். உங்களுக்கு மே மாதம் வேக்கம் போட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். வேக்கம் முடிந்ததும் தராசில் வைத்து கிராம் கணக்கில் கேஸ். குழாயைத் தொட்டுப் பார்த்து ‘போதும்’ என்று நிறுத்துவது கண் மதிப்பில் ஊசி மருந்து ஏற்றுவது போல. முத்திரை இல்லாத மலிவு சிலிண்டரை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் வரும் கலப்படத்தில் அலுமினியத்தோடு வினைபுரியும் ஆர்-40 (மெத்தில் குளோரைடு) இருக்கலாம். 2011-ல் குளிர்சாதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்து உயிர்கள் போனது அதனால்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றிரண்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இவற்றுக்கும் கேஸ் போடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு காற்றின் வேகமே குறைந்து, ஏசியைப் பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாகிறது என்றால் கூலிங் காயில் பனிக்கட்டி பிடிக்கிறது. காயிலின் குளிரை அளக்கும் சென்சரையும் கேபின் ஃபில்டரையும் பாருங்கள். முன் சீட்டில் கால் வைக்கும் இடத்து மேட் நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, ஐந்து நிமிட வேலை.

உங்கள் காருக்கு முதலில் தாள் சோதனை, பிறகு தண்ணீர் சோதனை. ஃபேன் என்று தெரிந்தால் அதைச் சரிசெய்துவிட்டு, கேஸை எடுத்து எடை போட்டு, ஸ்டிக்கர் அளவுக்குத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மதியத்தில் சுட்டால் இரண்டு கேஜ் எண்களையும், எடுத்த கேஸின் எடையையும், அன்றைய வெயில் எத்தனை டிகிரி என்பதையும் எனக்கு எழுதுங்கள். கம்ப்ரசரைப் பற்றி அப்போது பேசலாம்.