டைப் 1: அதே டோஸ், அதே சாப்பாடு, சுகர் மட்டும் ஏன் ஏறுகிறது?

நன்றாக ஒத்துவந்த இன்சுலின் அளவு சில வாரங்களாக எடுபடவில்லை, காலையில் 200-க்கு மேல் காட்டுகிறது, எதைக் கூட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் டைப் 1 நீரிழிவுதான், உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை. கூட்டுவதா குறைப்பதா என்பதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் ஊசி போடும் இடத்தை விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு தடித்துவிடும். அங்கே வலி அவ்வளவாகத் தெரியாது, அதனாலேயே கை தானாக அங்கே போகும். அந்தத் தடிப்பில் போடும் மருந்து ஒருநாள் சட்டென்று வேலை செய்யும், மறுநாள் போட்ட மாதிரியே இருக்காது. இடத்தை மாற்றும்போது கவனம்: நல்ல தோலில் அதே டோஸ் சுகரை ஒரேயடியாக இறக்கிவிடலாம். மருந்தையும் பாருங்கள். திறந்து நான்கு வாரம் தாண்டியதோ வெயிலில் கிடந்ததோ என்றால் புதிதாக எடுங்கள்.

இதிலெல்லாம் கோளாறு இல்லை என்றால் இரவு 3 மணிக்கு எழுந்து பார்த்தே ஆக வேண்டும். கடுப்பான வேலைதான், சுகரைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் இருந்தால் தூங்கலாம். படுக்கும்போது 130, 3 மணிக்கும் ஏறக்குறைய அதே, காலையில் 210 என்றால் விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களின் வேலை. அதற்காக பேசல் இன்சுலினை (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் நீண்டநேர இன்சுலின்) கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் நடுராத்திரியில் சுகர் லோ ஆகிவிடும். இரவு முழுக்கச் சீராக ஏறிக்கொண்டே போனால் பேசல் போதவில்லை. படுக்கும்போதே 220 இருந்தால் பேசலைக் குறை சொல்லிப் பயனில்லை, இரவுச் சாப்பாட்டுக்கும் அதற்குப் போடும் இன்சுலினுக்கும் உள்ள கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

இன்சுலின் தேவை மாறுவது ஒன்றும் அதிசயமில்லை. வளரும் வயது, எடை, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் கூட்டும். நல்ல உடற்பயிற்சி மறுநாள் வரைகூடக் குறைக்கும். காய்ச்சல்தான் ஏமாற்றும். சாப்பாடு இறங்கவில்லையே என்று பேசலை நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தவே கூடாது, காய்ச்சலில் உடம்பு கூடுதலாகத்தான் கேட்கும். கீட்டோனையும் பாருங்கள், இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலம் அது. வாந்தி நிற்காமல் கீட்டோனும் ஏறினால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

டோஸை மாற்றும்போது என் டாக்டர் சொன்னபடி ஒன்றை மட்டும், அதுவும் பத்து சதவீதம் அளவுக்குத்தான் மாற்றுவேன், மூன்று நாள் பொறுப்பேன். சில நீண்டநேர இன்சுலின்களில் மாற்றம் முழுதாகத் தெரியவே அவ்வளவு நாள் ஆகும். சாப்பாட்டுக்குப் போடுவது ஏறக்குறைய நான்கு மணி நேரம் உடம்பில் இருக்கும். அதற்குள் 'இன்னும் இறங்கலையே' என்று மேலே மேலே போட்டால் மொத்தமாகச் சேர்ந்து இறக்கும்.

டாக்டரிடம் போகும்போது மூன்று மாதச் சராசரியை மட்டும் காட்டாதீர்கள். படுக்கும்போது, 3 மணிக்கு, எழுந்ததும் பார்த்த எண்களை நாலைந்து நாளுக்கு எழுதிக் கொண்டுபோங்கள். எதை மாற்றுவது என்று அவர் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.