தத்துவம் படித்தால் சோறு போடுமா? ஓய்வுபெற்ற மதுரைப் பேராசிரியரின் பதில்கள்

கேள்வி: ஐயா, மகள் பி.ஏ. தத்துவம்தான் படிப்பேன் என்று அடம் பிடிக்கிறாள். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். என்ன செய்யட்டும்? (உசிலம்பட்டி)

சிரிக்கிறவர்கள் யாரும் கல்லூரிக் கட்டணம் கட்டப்போவதில்லை, விடுங்கள். ஆனால் வேலை நிலவரத்தை மறைக்க மாட்டேன். பள்ளி ஆசிரியர் வேலையை நம்பி இதில் சேர்க்க வேண்டாம். கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ.வும் அதன்மேல் நெட் அல்லது செட் என்னும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும், இடங்களும் குறைவு. ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்கிற வங்கித் தேர்வும் குரூப் 2 தேர்வும் மற்றவர்களைப் போலவே அவளுக்கும் திறந்திருக்கும். இளங்கலையில் இப்பாடம் உள்ள கல்லூரிகள் சிலவே என்பதால், விடுதிச் செலவையும் இப்போதே கணக்குப் பாருங்கள்.

கேள்வி: அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பீர்கள்? (திருநகர்)

மார்கழிக் காலையில் நாகமலைப் பக்கம் பாருங்கள். வெள்ளையாக ஏதோ எழும்புகிறது. "புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது" என்கிறான் ஒரு மாணவன். முதலில் அது புகைதானா, பனியா? அதைத் தீர்க்காமல் "ஆகவே" என்ற சொல்லை வாயில் எடுக்க அவனுக்கு உரிமை இல்லை. மணிமேகலையின் 29ஆம் காதை இதே பிழையைப் பேசுகிறது: ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே நெருப்பு உண்டு என்று துணிவது. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்று வாதத்தை ஐந்து உறுப்பாகப் பிரித்து, எந்த உறுப்பு ஊனம் என்று கைவைத்துக் காட்டுகிற பயிற்சி அது. இதில் ஓர் ஆண்டு பழகியவனிடம் வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவக் குறிப்பைக் கொடுத்துப் பாருங்கள். ஏது எங்கே என்றுதான் முதலில் தேடுவான். வீட்டில் கொஞ்சம் தொந்தரவாகத்தான் இருக்கும்.

கேள்வி: சாமி நம்பிக்கை போய்விடுமா? (தெற்கு மாசி வீதி)

சிலருக்குப் போகும், சிலருக்கு உறுதிப்படும். அருணந்தி சிவாச்சாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதியில் பிற மதங்களின் கொள்கையை முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். எதிராளியைக் கேட்டதால் அவர் பக்தி குறைந்துவிடவில்லை.

கேள்வி: கணிதம் படித்தவன் நான். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வுக்கு இதை விருப்பப்பாடமாக எடுக்கலாமா? (மேலூர்)

எடுக்கலாம் தம்பி. இரண்டு தாள்கள், தாளுக்கு 250 மதிப்பெண். முதல் தாளில் மேலை, இந்தியத் தத்துவங்கள். இரண்டாவதில் சமூக, அரசியல் தத்துவமும் சமயத் தத்துவமும். பாடத்திட்டம் சிறியது என்று பயிற்சி மையங்கள் ஆசை காட்டும். சிறியதுதான், ஆனால் ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டை மனப்பாடம் செய்து எழுதினால் திருத்துகிறவருக்கு இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். நிறுவல் எழுதிப் பழகியவர் நீங்கள், அந்தக் கை இங்கே உதவும்.

கேள்வி: எனக்கு வயது அறுபதுக்கு மேல். பி.காம். பட்டதாரி. இனிப் படிக்க முடியுமா? (திருமங்கலம்)

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. தத்துவத்தில் எந்தப் பட்டதாரியும் சேரலாம். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கும். தர்க்கத்திலிருந்து தொடங்குங்கள்; வேதாந்தம் எங்கும் ஓடிவிடாது.