கை நீட்டலாமா, வணக்கம் போதுமா?

கேள்வி: சுவாமிமலையில் எங்களுக்கு ஐம்பொன் சிலைப் பட்டறை. கும்பகோணம் வரும் வெளிநாட்டுக்காரர்கள் வார்ப்பு வேலையைப் பார்க்க வருகிறார்கள். நான் கை நீட்டினால் சிலர் பின்னால் நகர்கிறார்கள். ஒரு பிரெஞ்சுப் பெண்மணியோ என் மனைவியின் கன்னத்தில் கன்னம் வைக்க, அவள் வெலவெலத்துப் போனாள். எப்படித்தான் வரவேற்பது?

பதில்: பிரெஞ்சுப் பெண்மணி செய்ததில் தப்பில்லை, நாம் "வாங்க வாங்க" என்பது மாதிரிதான் அது. கன்னம் லேசாக உரசும், முத்தச் சத்தம் பெரும்பாலும் காற்றில்தான். பாரிஸில் இரண்டு முறை, தெற்கே மோன்பெல்லியே பக்கம் மூன்று முறை என்று ஊருக்கு ஊர் கணக்கு மாறுவதால் அவர்களுக்கே குழப்பம் வரும். அரசலாறு கடலில் சேரும் காரைக்காலை 1954 வரை அவர்கள்தான் ஆண்டார்கள், ஆனாலும் இந்த வழக்கம் ஆற்றை எதிர்த்துக் கும்பகோணம் வரை ஏறி வரவில்லை.

பின்னால் நகர்பவர்கள் விஷயம்தான் முக்கியம். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-இல் இதை அளவாகவே எழுதினார்: அமெரிக்கர்களுக்கு 45 செ.மீ.க்குள் வர நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டுமே உரிமை, தெரிந்தவர்களுக்கு 1.2 மீட்டர் வரை, வேலை விஷயமாகப் பேசுபவர்களுக்கு அதற்கும் மேல். எல்லா நாட்டுக்கும் இது பொருந்தாது. 2017-இல் 42 நாடுகளில் விசாரித்த ஓர் ஆய்வில், முன்பின் தெரியாதவரை மிக அருகே நிற்கவிட்டவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள், மிகத் தள்ளி நிறுத்தியவர்கள் ருமேனியர்கள். பேருந்தில் இடித்துக்கொண்டு வளர்ந்த நமக்கு இந்தத் தூரம் கண்ணிலேயே படாது. சிலை வார்ப்பதற்கு முன் செய்யும் மெழுகு உருவத்தைக் காட்ட நீங்கள் ஓரடி முன்னே வைப்பீர்கள், அவர் ஓரடி பின்னே போவார், காது கேட்கவில்லை போல என்று நீங்கள் மறுபடி நெருங்க, கடைசியில் மனிதர் உலைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். உங்கள் இடத்தில் இது ஆபத்தும்கூட.

அதனால் கையை நீங்கள் முதலில் நீட்டாதீர்கள். நாலடி தள்ளி நின்று வணக்கம் சொல்லிவிட்டு ஒரு நொடி பொறுங்கள், கை வந்தால் குலுக்குங்கள், வராவிட்டால் விடுங்கள். பெண்களிடம் இது கட்டாயம். வளைகுடா, மலேசியா பக்கமிருந்து வரும் முஸ்லிம் பெண்கள் சிலர் ஆண்களுக்குக் கை கொடுக்காமல் நெஞ்சில் கை வைப்பார்கள், நீங்களும் அப்படியே செய்தால் போதும். ஜப்பானியர் குனிந்தால் நீங்களும் லேசாகத் தலை தாழ்த்துங்கள். வணக்கம் குறைச்சலோ என்ற கூச்சமே வேண்டாம், 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் பிரான்ஸ் அதிபர் மக்ரோனே ஸ்பெயின் அரசரைக் கைகூப்பித்தான் வரவேற்றார். உங்கள் வீட்டம்மாவும் முதலிலேயே கைகூப்பிவிட்டால் கன்னம் அநேகமாக வராது.

அப்புறம், கூட வரும் குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளுவது, தூக்கிக் கொஞ்சுவது எல்லாம் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான். மெழுகு உருவத்தைக் கையில் வைத்துக் காட்டாமல் நடுவில் ஒரு மேஜை போட்டு வைத்துவிடுங்கள், யாருக்கு எவ்வளவு தூரம் வேண்டுமோ அவரவர் நின்றுகொள்வார்கள்.