இந்த வாரம் உழ வேண்டாம், தண்ணீரின் பின்னால் நடங்கள்

கேள்வி: குளிர்காலத்துக்கு முன்னால் கிராமப்புறத்தில் பழைய வீட்டோடு இரண்டு ஏக்கர் வாங்கினோம். வேலை நகரத்தில், அதனால் சனி ஞாயிறு மட்டும்தான் அங்கே இருக்க முடியும். வசந்தம் தொடங்கியதும் போய்ப் பார்த்தால் வண்டிப்பாதை முழுக்கச் சேறு, வேலி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, கொட்டகையில் எலிப் புழுக்கை, புல் வேறு மளமளவென்று வளர்கிறது. டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. இந்த வாரமே உழுது காய்கறித் தோட்டம் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். வண்டிப்பாதையே சேறாகக் கிடக்கிறது என்றால் நிலமும் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். ஈரமான களிமண்ணில் டிராக்டர் இறங்கினால் அதன் எடையில் மண் இறுகி, காய்ந்த பிறகு செங்கல் மாதிரி கட்டி கட்டியாக நிற்கும், அந்தக் கட்டியை உடைத்து மறுபடி பொலபொலப்பாக்க ஒரு பருவம் போதாது. நானும் ஒரு வசந்தத்தில் பொறுமை இல்லாமல் இறங்கி, மூன்று வருடம் அந்த மூலையில் கேரட்டை கோணலும் மாணலுமாகப் பிடுங்கியிருக்கிறேன்.

பதம் பார்ப்பது சுலபம். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடியுங்கள், அப்புறம் உள்ளங்கையை விரித்துக் கட்டை விரலால் லேசாகத் தட்டுங்கள். உதிர்ந்தால் வேலை செய்யலாம். உருண்டையாகவே நின்று, விரல் பட்ட இடம் வழவழவென்று மினுங்கினால் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

அந்தக் காத்திருக்கும் வாரங்களில் செய்ய வேண்டியது என்னவென்றால், மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு இடம் முழுக்க நடப்பது. உண்மையாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் பாதிக்கு மேல் தண்ணீரால் வந்தது. கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்துகொள்ளுங்கள். வீட்டைச் சுற்றி முதல் 3 மீட்டரில் தரை 15 செ.மீ. அளவாவது வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அஸ்திவாரம் ஓயாமல் ஈரத்தில் கிடக்கும். கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் குழாயில் குளிர்கால இலை அடைத்திருக்கும், அதை அள்ளிப் போடுவது ஒரு மணி நேர வேலைதான், ஆனால் பலன் பெரிது.

பாதைக்கு உடனே ஜல்லி கொட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். சேற்றின் மேல் கொட்டிய ஜல்லி அடுத்த மழைக்குள் உள்ளே போய்விடும். முதலில் ஓரத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள், பாதை காயட்டும், அப்புறம் நடுப்பகுதி உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும்படி மண்ணை இழுத்து விடுங்கள். 3 மீட்டர் அகலப் பாதை என்றால் நடுவில் சுமார் 6 செ.மீ. உயரம் போதும். ஜல்லி அதற்கு மேல்தான்.

வேலிக்கு மட்டும் மண் ஈரமாக இருப்பது நல்லது. சாய்ந்த கம்பம் ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு விரல் ஆழம் மண்ணை விலக்கி, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் தரைமட்டத்தில்தான் அழுகும், ஏனென்றால் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அந்த இடத்தில்தான். மேலே பார்க்கக் கல் மாதிரி இருக்கும், தரைமட்டத்திலோ ஸ்க்ரூடிரைவர் ரொட்டிக்குள் போவது போல் இறங்கும். இறங்கினால் மாற்றுங்கள், இறங்காவிட்டால் குளிரில் மண்ணின் ஈரம் உறைந்து விரிந்து தூக்கிவிட்ட கம்பமாக இருக்கலாம், நிமிர்த்தி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கடப்பாரையின் பின்பக்கத்தால் இடித்தால் போதும். புதுக் கம்பம் நடும்போது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கட்டும். மூலைக் கம்பங்களை முதலில் பாருங்கள், கம்பியின் இழுப்பு முழுவதும் அவற்றின் மேல்தான் விழுகிறது.

கொட்டகையை அவசரப்பட்டுப் பெருக்காதீர்கள். உலர்ந்த எலிப் புழுக்கை தூசியாகப் பறந்தால் அதன் வழியாக நோய் வரலாம். கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் கழித்துக் கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள். போன வருடத்துப் பெட்ரோல் புல்வெட்டியில் கிடந்தால் அதை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். புல்லை ஒரேயடியாக மொட்டையடிக்க வேண்டாம், ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். புதரை வெட்டும் முன் உள்ளே பறவைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் குஞ்சு பறக்கும் வரை அந்தப் புதரை விட்டுவிடுங்கள். மாலையில் உள்ளே வந்ததும் முழங்கால் பின்பக்கம், இடுப்பு, கழுத்து எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தோட்டம். வாரத்தில் ஐந்து நாள் ஆள் இல்லாத இடத்தில் இரண்டு ஏக்கரையும் உழுதுவிட்டால் முளைக்கப் போவது களைதான். வீட்டுப் பக்கத்தில், காலை நேரடி வெயில் விழும் இடமாக 25 சதுர மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் அதற்கு வாரத்துக்கு ஏறத்தாழ 600 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தாலே ஆயிரம் லிட்டர் விழுகிறது, ஆகவே அந்தக் கூரைக் குழாயைத் தொட்டியில் விடுங்கள். மண்ணின் சூடு காலையில் 7 டிகிரி செல்சியஸ் வந்தால் பட்டாணி போடலாம், பீன்ஸுக்கு 15 டிகிரி தாண்ட வேண்டும். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் தண்டைத் தொடாமல் 5 முதல் 8 செ.மீ. வைக்கோல் மூடாக்குப் போட்டால், நீங்கள் ஊரில் இல்லாத நாட்களிலும் ஈரம் தங்கும். இந்த அளவுக்கு டிராக்டரே வேண்டாம், நல்ல மண்வெட்டி ஒன்றும் இரண்டு சனிக்கிழமையும் போதும்.