ஆப்பரேஷனுக்கு முன்னால் யாரிடம் சொல்வது?

கேள்வி: எனக்கு 48 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை செய்கிறேன். இடது மார்பில் கட்டி இருந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்துவிட்டு புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் மூன்று வாரத்தில் ஆப்பரேஷன். கட்டியை மட்டும் எடுக்கலாம், முழு மார்பையும் எடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார் டாக்டர். எனக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் அன்றிலிருந்து சரியாகப் பேசுவதே இல்லை. மகள் ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் பரீட்சை முடியட்டும் என்று அவளிடமும் மறைத்து வைத்திருக்கிறேன். யாருக்கோ வந்தது போல அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்தால், கத்தி வைத்தால் பரவிவிடும், டுரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலையை அவித்துக் குடித்தாலே கரைந்துவிடும் என்கிறார்கள். ராத்திரியில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். யாரிடம் சொல்வது? எப்படித் தயாராவது?
— வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அழுங்கள். அழுவதில் தப்பே இல்லை. ஆனால் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் தனியாக அழுவது இனி வேண்டாம். நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இந்த ஆப்பரேஷனுக்குத் தயாராவது என்றால் பாதி வேலை, யாருக்குத் தெரியவேண்டும் என்று நீங்களே முடிவெடுத்து, அவர்களிடம் ஆளுக்கு ஒரு பொறுப்பைக் கொடுப்பதுதான். தோட்டம் முழுக்கச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நாலு பேர் போதும். ஆனால் அந்த நாலு பேர் கட்டாயம் வேண்டும்.

முதலில் அந்தக் கத்தி விஷயத்தை முடித்துவிடுவோம், அது மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தால் வேறு எதுவும் உள்ளே போகாது. கத்தி வைத்ததால் புற்றுநோய் பரவியது என்று நம் ஊரில் சொல்லப்படும் கதைகளை விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்தப் பெண் கட்டி தெரிந்தும் பயத்தில் பல மாதம், சில பேர் வருடக்கணக்கில், வீட்டிலேயே இருந்துவிட்டு நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். அதற்குள் அது வேறு இடத்துக்குப் போயிருக்கும், பழி கத்தி மேல் விழும். டுரியான் பெலாண்டா இலை ஒரு மனுஷிக்கு மார்பகப் புற்றுநோயைக் கரைத்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. அது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறக்கக்கூடியது, மயக்க மருந்து கொடுக்கப்போகிற நேரத்தில் அது விளையாட்டு இல்லை. ஏற்கெனவே குடிக்க ஆரம்பித்திருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஜாமு என்கிற மலாய் மூலிகை மருந்து, நாட்டு மருந்து, பூண்டு மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்து. ரத்தம் உறைவதை அவற்றில் சில கெடுக்கும். ஆஸ்பிரின், சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் எதை எப்போது நிறுத்துவது என்று அவர்களே சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இப்போது முழு மார்பா, கட்டி மட்டுமா என்ற கேள்வி. "முழுசா எடுத்துட்டா நிம்மதி" என்று நிறைய பேர் சொல்வார்கள். தெரிந்துகொள்ளுங்கள்: ஆரம்பக் கட்டத்தில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கதிர் சிகிச்சை கொடுத்த பெண்களையும் முழு மார்பை எடுத்த பெண்களையும் 20 வருஷம் தொடர்ந்து பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2002-இல் வந்தது, ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று இத்தாலியின் மிலான் நகரத்தில் 701 பெண்களை வைத்து. உயிரோடு இருப்பதில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பு, கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கூட, அதையும் மறைக்கக் கூடாது. ஆகவே உங்கள் டாக்டர் இரண்டையும் உங்கள் முன் வைக்கிறார் என்றால் இரண்டுமே உங்களுக்குச் சரிப்படும் என்று நினைத்துத்தான் வைக்கிறார்.

ஆனால் தோட்டத்தில் இருப்பவருக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது, அதைப் பட்டணத்து ஆட்கள் யோசிக்க மாட்டார்கள். கட்டியை மட்டும் எடுத்தால் அநேகமாகக் கதிர் சிகிச்சை உண்டு, அது வாரத்தில் ஐந்து நாள், பெரும்பாலும் மூன்று வாரம் ஓடும், சில பேருக்கு ஐந்து வாரம். தினமும் யார் கூட்டிக்கொண்டு போவது? பஸ்ஸா, வாடகைக் காரா? எந்த ஆஸ்பத்திரியில் தருவார்கள், பக்கத்தில் தங்க இடம் கிடைக்குமா? இந்தக் கேள்விகளை முடிவெடுப்பதற்கு முன்னாலேயே டாக்டரிடம் கேளுங்கள். போக்குவரத்துக்குப் பயந்து மட்டும் முழு மார்பைக் கொடுத்துவிட்டு, அக்குளில் எல்லோருக்கும் இருக்கிற நிணநீர்க் கணுக்களில் (சின்னச் சின்ன முடிச்சுகள்) நோய் இருந்ததால் அப்புறம் கதிர் சிகிச்சைக்கும் போகவேண்டி வந்தால் மனது ரொம்ப நொந்துபோகும். முழுசாக எடுப்பதுதான் உங்கள் மனதுக்கு அமைதி என்றால் அதுவும் நல்ல முடிவுதான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். கையெழுத்து உங்களுடையது. சம்மதப் படிவம் மலாயில் இருந்து புரியவில்லை என்றால், தமிழ் தெரிந்த மிஸ்ஸி (நர்ஸ்) யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, அந்த நாலு பேர்.

முதல் ஆள் உங்கள் மகள். எஸ்பிஎம் முடியட்டும் என்று நீங்கள் நினைப்பது தாய்மனது, எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரே வீட்டில், ஒரு கையைத் தூக்க முடியாமல், பக்கத்தில் காயத்து நீர் வடிகிற ட்யூப் தொங்க வரப்போகிற அம்மாவை 17 வயதுப் பெண்ணிடம் மறைக்கவே முடியாது. அவளுக்கு இப்போதே ஏதோ தெரியும். தெரியாததைத்தான் அவள் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டிருப்பாள். பள்ளியில் வேறு யார் வாயிலோ கேட்டுவிட்டு வந்து நிற்பதைவிட உங்கள் வாயால் கேட்கட்டும். இப்படிச் சொல்லுங்கள்: "அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் இருக்கு. டாக்டர் எடுக்கப்போறாங்க. எனக்கும் பயமா இருக்கு. நீ கேக்க நினைக்கிறத எல்லாம் கேளு, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்." இது போதும். "எனக்கும் வருமா?" என்று அவள் ஒருநாள் கேட்பாள். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரைதான் பரம்பரையாக வருவது, உங்கள் அம்மா, சின்னம்மா, பெரியம்மா, அக்கா தங்கை யாருக்காவது வந்திருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், தேவைப்பட்டால் மகள் பிற்பாடு பரிசோதனை செய்துகொள்ள வழி காட்டுவார்கள். அவள் வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், பிள்ளை திடீரென்று வகுப்பில் அழுதால் காரணம் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கவேண்டும்.

இரண்டாவது, உங்கள் வயதை ஒட்டிய ஒரு பெண். அக்காவோ கூட வேலை செய்பவரோ, வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர். அவருக்குக் கொடுக்கவேண்டிய பொறுப்பு அழுகையைக் கேட்பது. "எல்லாம் சரியாகிவிடும், சாமி பார்த்துக்கும்" என்று உடனே ஆறுதல் சொல்லாமல் சும்மா கேட்கிற ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், இதே ஆப்பரேஷனைத் தாண்டி வந்த பெண்களோடு பேசுங்கள். மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் 1986-லிருந்து இருக்கிறது, அதில் தொண்டு செய்கிற பலர் இந்த நோயைத் தாங்களே பார்த்தவர்கள். தேசியப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு 1-800-88-1000 என்ற இலவச எண் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சை அடைக்கிறதா, மனக்கஷ்டத்தைக் கேட்கிற தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் 24 மணி நேரமும் எடுப்பார்கள், 03-76272929. பகலில் 15555-ஐ அழைக்கலாம், அது சுகாதார அமைச்சின் மனநல எண். மார்பு இல்லாத தன் உடம்பை முதல்தடவை கண்ணாடியில் பார்த்த பெண்ணிடம் பேசுவதும், பார்க்காதவரிடம் பேசுவதும் ஒன்றில்லை. தாண்டி வந்த ஒருவரோடு ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே ஒரு தரம் பேசிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது ஆள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிறார், நம் ஜனம் அவரைக் கேட்பதே இல்லை: மருத்துவ சமூகநல அதிகாரி, மலாயில் பெகாவாய் கெர்ஜா சோசியல் பெருபாத்தான். பண விஷயம், வண்டி விஷயம் எல்லாம் அவரிடம். அரசாங்க ஆஸ்பத்திரி மூன்றாம் வகுப்பில் வார்டுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளிதான் (ரிங்கிட்), செலவு மற்றதில்தான் வரும். உங்களுக்கு 40 வயது தாண்டிவிட்டது, குடும்பத்துக்கு எஸ்டிஆர் என்கிற அரசாங்க உதவித்தொகை வருகிறதென்றால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி வரையும், போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையும் உண்டு. விண்ணப்பம் ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகும், சிகிச்சை தொடங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை எடுக்கவேண்டியவருக்கு வேலைச் சட்டப்படி வருஷத்தில் 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது, சாதாரண எம்சி (மருத்துவ விடுப்பு) வேறு. தோட்ட ஆபீஸில் கிராணி (குமாஸ்தா) முகம் சுளித்தால் பயப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

சாமான் கட்டுவதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியோ சட்டையோ மூன்று நாலு, தலைவழியாகப் போடுவது எதுவும் ஆகாது. ட்யூப்போடு வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் புட்டியைப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கவிட ஒரு சின்னத் துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள். புட்டியில் தினமும் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று எழுதிவைக்கச் சொல்வார்கள், குறைந்ததும் எடுத்துவிடுவார்கள். ஒரு சின்னத் தலையணை அவசியம், திரும்பி வரும்போது சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைக்க, செம்மண் சாலையில் கார் குலுங்கும்போது அதன் அருமை தெரியும். நகப்பூச்சு, மருதாணி வேண்டாம், ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற கருவி சரியாகக் காட்டாமல் போகலாம். சில இடங்களில் நிணநீர்க் கணுவைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் ஏற்றுவார்கள், மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போனால் பதறாதீர்கள், அது சாயம்தான். அக்குளும் மேல்கையின் உட்பக்கமும் மரத்துப்போன மாதிரி இருக்கும், நிறைய பேருக்கு இருப்பதுதான். கை தூக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்தே செய்யுங்கள், வலிக்கிறதென்று கையை மடக்கியே வைத்தால் தோள் இறுகிவிடும். பத்தியம் என்று மாமியார் முட்டையையும் மீனையும் நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள், புண் ஆறப் புரதம் வேண்டும், விரால் மீன் சூப் தாராளமாகக் குடிக்கலாம்.

தாலி. இதை யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் நம் பெண்கள் ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் உடைந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தாலி, மெட்டி, தோடு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள், மின்சாரக் கருவி வைத்து ரத்தக் குழாயை அடைப்பார்கள், உலோகம் உடம்பில் இருந்தால் சுட்டுவிடலாம். அதை அந்த நிமிஷத்தில் அறிமுகமில்லாத மிஸ்ஸி கையில் கழற்றிக் கொடுக்காதீர்கள். முந்தின நாள் வீட்டில், சாமி விளக்கு முன்னால், உங்கள் வீட்டுக்காரர் கையால் கழற்றி அவரிடமே இருக்கட்டும். ஆப்பரேஷன் முடிந்து அவரே திரும்பப் போட்டுவிடட்டும். இதில் அபசகுனம் எதுவும் கிடையாது.

நாலாவது ஆள் அவர்தான். அவர் பேசாமல் இருப்பதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அநேகமாகப் பயம். பயத்தைப் பேச்சில் கொட்டத் தெரியாத ஆண்கள் நம் குடும்பங்களில் நிறைய. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள், கீழே உள்ளது அவருக்கு.

சகோதரரே, பெரிய வார்த்தை எதுவும் தேட வேண்டாம். இன்றைக்கு ராத்திரி உங்கள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் பயந்துதான் போயிருக்கேன், ஆனா கூட இருப்பேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த டாக்டர் சந்திப்புக்கு நீங்களும் போங்கள், ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு, டாக்டர் சொல்வதை நீங்கள் எழுதுங்கள், அந்த அறையில் அவர் காதில் பாதிதான் விழும். கத்தி வேண்டாம், இலை போதும் என்று உறவுக்காரர் யாராவது வந்தால் வாசலிலேயே நீங்கள் பேசி அனுப்பிவிடுங்கள், அவரிடம் போகவிடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு சில வாரம் துணி பிழிவது, தண்ணீர் வாளி தூக்குவது, சமையல் பானை இறக்குவது எல்லாம் உங்களுக்கும் மகளுக்கும். கட்டு பிரிக்கும் நாளில் காயத்தைப் பார்க்க அவர் உங்களைக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பாதீர்கள். கூப்பிடாவிட்டால் காத்திருங்கள், அவருக்கு எப்போது முடியுமோ அப்போது காட்டுவார்.