ஞாயிற்றுக்கிழமை கேக்கும் கரண்ட் பில்லும்

கேள்வி: என் மனைவி ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கேக், பன், பிஸ்கட் என்று ஓவனோடு மல்லுக்கட்டுகிறாள். பல நாள் கேக் நடுவில் அமுங்கிவிடுகிறது. அதே காசுக்குக் கடையில் நல்ல கேக்கே வாங்கலாம். கரண்ட் பில் வேறு. கேட்டால் 'சந்தோஷமா இருக்கு' என்கிறாள். இதில் என்ன சந்தோஷம்? சரி, செய்து விற்கவாவது செய் என்றால் அதற்கும் மாட்டாளாம். நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?
– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: கரண்ட் பில்லிலிருந்தே ஆரம்பிப்போம். 1,500 வாட்ஸ் ஓவன் முக்கால் மணி நேரம் விடாமல் எரிந்தாலும் ஒரு யூனிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வேண்டிய சூடு வந்ததும் அது அணைந்து அணைந்து எரிவதால் அதுகூட ஆகாது. நீங்கள் குளிக்க 2,000 வாட்ஸ் ஹீட்டரை அரை மணி நேரம் போட்டால் ஒரு யூனிட். அந்தக் கணக்கை வீட்டில் யாராவது உங்களிடம் கேட்டார்களா?

மற்ற நாட்களில் உங்கள் வீட்டு அடுப்பில் வேகிறதெல்லாம் யாருக்கோ நேரமாகிறது என்று வேகிறது. ஏழரைக்குள் இட்லி, எட்டுக்குள் டிபன் பாக்ஸ். கேக்கை யாரும் கேட்கவில்லை. செய்யாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. அதனால்தான் அது அவருக்குப் பிடித்திருக்கிறது என்பது என் ஊகம்.

வேலையிலும் ருசி இருக்கிறது, ஐயா. குழம்பில் உப்புக் கூடினால் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம். கேக் ஓவனுக்குள் போய்விட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். சர்க்கரைப் பரல்கள் வெண்ணெய்க்குள் பொடிப் பொடியாகக் காற்றை அடைக்கின்றன. மஞ்சள் வெளுத்து, கலவை பொங்கி வரும். பேக்கிங் பவுடர் பிறகு பெரிதாக்குவது இந்தக் குமிழிகளைத்தான். வெண்ணெய் உருகிவிட்டால் காற்று நிற்காது. உங்கள் ஊர் வெயிலில் பதினொரு மணிக்கு அது மேஜையிலேயே எண்ணெயாகிவிடும். அவர் வெயிலுக்கு முன்பே எழுந்து அடிக்கிறார் என்றால் விஷயம் தெரிந்தவர்.

அமுங்குவதற்கு வருவோம். பேக்கிங் பவுடர் அதிகமானால் அமுங்கும். வேகாமல் எடுத்தாலும் அமுங்கும். ஈர்க்குச்சியை நடுவில் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். இன்னொரு காரணம், பாதி வேக்காட்டில் யாராவது 'ஆச்சா?' என்று கதவைத் திறந்து பார்ப்பது. அந்த யாராவது யார் என்று நீங்கள் எழுதவில்லை.

விற்கச் சொல்கிறீர்கள். வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். அது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் அதற்குப் பிறகு. முட்டை இல்லாமல் ஒன்று, பிள்ளையின் போட்டோ பதித்து ஒன்று, ராத்திரி பன்னிரண்டுக்கு வெட்ட வேண்டும், சாயங்காலமே வேண்டும் என்று ஒன்று. விரும்பி அதில் இறங்கி நன்றாகச் சம்பாதிக்கிற பெண்கள் நிறைய உண்டு, அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் மாட்டேன் என்று சொன்னவருக்கு இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எட்டுக்குள் டிபன் பாக்ஸாக மாற்றிவிடாதீர்கள். நீங்கள் ஞாயிறு டிவியில் கிரிக்கெட் பார்ப்பதற்கு யாரும் சம்பளம் தருவதில்லையே.

உங்களுக்கு உபயோகமான யோசனை ஒன்று. ஒரு விடுமுறை நாளில் அவரைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போங்கள், பக்கத்து ஊர்தானே. அங்கே பேக்கரியில் மக்ரூன் வாங்கிக் கொடுங்கள். மைதா இல்லை, வெண்ணெய் இல்லை. முந்திரி, சர்க்கரை, நுரைக்க அடித்த முட்டை வெள்ளை, இளஞ்சூடு. இந்த மூன்று சாமானில் கூம்பு கூம்பாக, வாயில் போட்டதும் கரைகிற ஒன்றை உப்புக் காற்று வீசுகிற ஊரில் செய்திருக்கிறார்கள். காற்றின் ஈரம் பட்டாலே நமுத்துவிடும் பண்டம் அது. வீட்டில் முதல் தடவை அவருக்கு ஒழுங்காக வராது. வராததைத் தின்று தீர்க்கும் வேலை உங்களுடையது.

இன்னொரு வேலையும் உண்டு. அடித்த பாத்திரங்களை இந்த ஞாயிறு நீங்கள் கழுவுங்கள். வெண்ணெய்ப் பிசுக்குப் பச்சைத் தண்ணீரில் போகாது. அந்த ஹீட்டர் தண்ணீரில் ஒரு வாளி மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.